பனிமலை உச்சியில் எல்லைக்கோடு எப்படிப் போகிறது? மவுண்ட் செயின்ட் எலியாஸை வைத்து ஒரு எளிய விளக்கம்

மேப்பில் பார்த்தால் ரொம்ப எளிதாகத் தெரியும். ஒரு பெரிய பனிமலை, அதன் உச்சிக்கு நேர் மேலே ஒரு புள்ளிக்கோடு, இந்தப் பக்கம் ஒரு நாடு, அந்தப் பக்கம் இன்னொரு நாடு. நேரில் அங்கே கோடும் கிடையாது, கல்லும் கிடையாது, கம்பி வேலியும் கிடையாது. அப்படியிருக்க அந்தக் கோடு அங்கே எப்படி வந்தது, பனி உருகினால் எல்லையும் நகர்ந்துவிடுமா என்று கேட்டால், இடத்தைப் பொறுத்தது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. இது நழுவல் பதில் மாதிரி இருக்கும், ஆனால் ஒரு மலையை நெருங்கிப் பார்த்தால் ஏன் அப்படி என்று புரிந்துவிடும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் நிற்கும் மவுண்ட் செயின்ட் எலியாஸை எடுத்துக்கொள்வோம்.

உயரம் 5,489 மீட்டர். ஒரு பக்கம் அலாஸ்கா, மறுபக்கம் கனடாவின் யூகான். அமெரிக்காவில் தெனாலிக்கு (6,190 மீட்டர்) அடுத்த உயரமான மலை இதுதான். கனடாவில் மவுண்ட் லோகனுக்கு (5,959 மீட்டர்) அடுத்த உயரமான மலையும் இதுதான். ஒரே உச்சி இரண்டு நாட்டுப் பட்டியலிலும் இரண்டாம் இடத்தில் இருக்கிறது. இதைவிட ஆச்சரியம், கடல் பக்கத்திலேயே இருப்பது. ஐசி பே என்ற விரிகுடாவின் ஒரு கிளை மலைக்குள் நீண்டு போகிறது, பெயர் டான் ஃபியோர்ட். அதன் தலைமாட்டிலிருந்து உச்சிக்குக் கிடைமட்டத் தூரம் சுமார் 16 கிலோமீட்டர்தான். நேபாளப் பக்கமாக எவரெஸ்ட் ஏறுகிறவர்கள் அடிவார முகாமில் இருக்கும்போதே 5,300 மீட்டரைத் தாண்டியிருப்பார்கள். எலியாஸ் அந்தச் சலுகையெல்லாம் தராது, கடல் மட்டத்திலிருந்தே எழும்பி நிற்கிறது. பக்கத்து ஊர் என்று சொல்ல வேண்டுமானால் யாகுடாட், அதுவும் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி.

கடலோரத்தில் இவ்வளவு உயரம் எப்படி வந்தது? பசிபிக் பக்கமிருந்து யாகுடாட் என்றே பெயர் வைத்திருக்கும் ஒரு நிலத்துண்டு வட அமெரிக்கத் தட்டின் மேல் வந்து மோதிக்கொண்டே இருக்கிறது. மோதல் இன்னும் முடியவில்லை. 1899 செப்டம்பரில் யாகுடாட் விரிகுடாப் பகுதியில் வந்த நிலநடுக்கத்தில் கடற்கரையின் ஓர் இடம் 14 மீட்டருக்கு மேல் மேலே தூக்கப்பட்டது. நாலு மாடிக் கட்டடத்தைவிட அதிகம். அப்புறம் அலாஸ்கா வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்று முழுவதும் இந்தச் சுவரில் முட்டிப் பனியாகக் கொட்டுகிறது. வருஷா வருஷம் உருகுவதைவிட விழுவது அதிகமானால் அடிப்பனி இறுகிக் கட்டியாகி, தன் எடை தாங்காமல் சரிவில் மெல்ல மெல்ல நகரத் தொடங்கும். அதுதான் கிளேசியர், தமிழில் பனியாறு. எலியாஸ் அடிவாரத்தில் இப்படிப் பல பனியாறுகள் மலையை விட்டு இறங்கி, சமவெளியில் ஒன்றாகப் பரந்து கிடக்கின்றன. மலாஸ்பினா பனியாறு என்பது அதுதான், பரப்பு சுமார் 3,900 சதுர கிலோமீட்டர்.

இந்த நகரும் குணத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனிமலை எல்லைக் குழப்பங்கள் பல இதிலிருந்துதான் வருகின்றன.

சரி, கோட்டுக்கு வருவோம். 1825இல் அலாஸ்கா ரஷ்யாவின் கையில் இருந்தது, கனடா பிரிட்டனின் கையில். இரண்டு பேரும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். தெற்கிலிருந்து வரும்போது கடற்கரைக்கு இணையாக ஓடும் மலைகளின் உச்சிகள் வழியாக எல்லை போக வேண்டும், மேற்கு 141ஆம் தீர்க்கரேகையைத் தொட்டதும் அந்த ரேகையைப் பிடித்துக்கொண்டு நேர் வடக்கே ஆர்க்டிக் கடல் வரை போக வேண்டும். மலைகள் கடலிலிருந்து ரொம்ப உள்ளே போய்விட்டால், 10 கடல் லீக், அதாவது ஏறக்குறைய 56 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு வரம்பும் வைத்தார்கள். அவர்கள் நம்பியது ஜார்ஜ் வான்கூவர் கப்பலிலிருந்து பார்த்து 1790களில் தயாரித்த வரைபடங்களை. அதில் மலைத்தொடர் கரையோரமாக ஒழுங்காக வரிசை கட்டி நின்றது. கடலிலிருந்து பார்த்தால் முன்வரிசை மட்டும்தானே தெரியும்! உள்ளே போனால் வரிசையே கிடையாது. எந்தத் திசையில் திரும்பினாலும் உச்சிகள்தான். எந்த உச்சியை எந்த உச்சியோடு சேர்ப்பது என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தை இல்லை.

எழுபது வருஷம் யாருக்கும் இது பெரிதாக உறுத்தவில்லை. 1867இல் ரஷ்யா அலாஸ்காவை 72 லட்சம் டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றபோது குழப்பமும் சேர்த்தே கைமாறியது. 1896இல் யூகானின் க்ளோண்டைக்கில் தங்கம் கிடைத்ததும் கதை மாறியது. தங்கம் கனடாவுக்குள், அங்கே போகும் துறைமுகங்கள் கடற்கரையில். கடற்கரை யாருடையது என்பது திடீரென்று பணம் சம்பந்தப்பட்ட கேள்வியானது.

இதற்கிடையில் இந்த மலை மேல் யார் முதலில் ஏறினார்கள் என்று பார்த்தால், சொந்தம் கொண்டாடிய இரண்டு நாட்டுக்காரர்களும் இல்லை. அமெரிக்கப் புவியியலாளர் இஸ்ரேல் ரஸ்ஸல் 1890இலும் 1891இலும் முயன்று திரும்பினார். முதல் பயணத்தில்தான் பின்னால் இருந்த இன்னும் பெரிய மலையைக் கண்டு அதற்கு லோகன் என்று பெயர் வைத்தார். உச்சியை முதலில் தொட்டது இத்தாலிய இளவரசர், அப்ரூஸி கோமகன் லூயிஜி அமெதேயோவின் குழு, 1897 ஜூலை 31 அன்று. கடற்கரையில் இறங்கி, மலாஸ்பினாவைக் கடந்து, பனியாறு பனியாறாகவே நடந்து போய்ச் சேர்ந்தார்கள். கூடப் போன விட்டோரியோ செல்லாவின் புகைப்படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம், அசந்துபோவீர்கள். அடுத்த முறை இந்த உச்சியில் மனிதர்கள் நின்றது 1946இல்.

எல்லைத் தகராறு 1903இல் ஆறு பேர் கொண்ட நடுவர் மன்றத்துக்குப் போனது. அமெரிக்கர் மூவர், கனடாக்காரர் இருவர், பிரிட்டனின் தலைமை நீதிபதி ஆல்வர்ஸ்டன் பிரபு. கணக்கைப் பார்த்தாலே யார் ஓட்டு முக்கியம் என்று தெரிந்துவிடும். ஆல்வர்ஸ்டன் அமெரிக்கர்கள் பக்கம் போட்டார், 4-2 என்று அக்டோபர் 20ஆம் தேதி தீர்ப்பு வந்தது, கனடா உறுப்பினர் இருவரும் கையெழுத்துப் போட மறுத்தார்கள், கனடாவில் பிரிட்டன் மேலேயே கோபம் பொங்கியது. தீர்ப்பின் சாரம் இது: கடல் நிலத்துக்குள் நீளும் கடற்கழிகளின் உள்முனைகள்கூட அமெரிக்காவுக்கு, கனடாவுக்கு அந்தக் கரையில் உப்புத்தண்ணீர் கிடையாது.

அரசியலை விட்டுவிட்டு மன்றம் கோட்டை எப்படிப் போட்டது என்று பார்த்தால் எனக்கு அதில் ஒரு புத்திசாலித்தனம் தெரிகிறது. மலைத்தொடர் எது என்று வாதாடிக்கொண்டே இருக்காமல், கைவசம் இருந்த சர்வே வரைபடங்களில் தனித்தனி உச்சிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். இந்த உச்சியிலிருந்து அந்த உச்சிக்கு நேர்கோடு, அங்கிருந்து அடுத்ததற்கு நேர்கோடு, அவ்வளவுதான். ஒரு பகுதிக்குச் சரியான வரைபடமே இல்லாததால் அங்கே இடைவெளி விட்டு, பின்னால் 1905இல் இரு அரசுகளும் பேசி நிரப்பின. இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவற்றுக்கு எல்லைச் சிகரம் என்று பெயரும் வரிசை எண்ணும் உண்டு. செயின்ட் எலியாஸ் எல்லைச் சிகரம் 186, தெற்கே இருக்கும் மவுண்ட் ஃபேர்வெதர் 164. கோடு திடீரென்று தெற்கே திரும்பும் இடத்தில் உள்ள 180ஆம் சிகரத்துக்கு அந்த நீதிபதியின் பெயரையே வைத்து மவுண்ட் ஆல்வர்ஸ்டன் என்று ஆக்கிவிட்டார்கள். கனடாக்காரர்கள் அதை எந்த மனநிலையில் உச்சரித்திருப்பார்களோ.

ஏறாத மலையின் இடத்தை எப்படித் துல்லியமாகக் குறிப்பது? இது பலருக்கும் வரும் சந்தேகம், ஆனால் பள்ளிக்கூட முக்கோணக் கணக்குத்தான். இடம் தெரிந்த இரண்டு புள்ளிகளில் நின்று ஒரே உச்சியைக் குறிவைத்துக் கோணம் அளந்தால், இரண்டு பார்வைக்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் உச்சி இருக்கிறது. கனடா அளவையாளர்கள் இதையே கேமராவில் செய்தார்கள். ஒரு மேட்டில் ஏறி நாலா பக்கமும் படம் எடுத்து, இன்னொரு மேட்டில் ஏறி அதே காட்சியைத் திரும்ப எடுத்து, அலுவலகத்துக்கு வந்து மேஜையில் வைத்து வரைபடமாக்கிவிடுவார்கள். வானிலை நல்லபடியாக இருக்கும் ஒன்றிரண்டு நாளில் வேலை முடிந்துவிடும், மலை மேலே குடியிருக்க வேண்டியதில்லை. 1913இல் எல்லை அளவைக் குழு ஒன்று எலியாஸ் உச்சிக்கே போக முயன்று பாதிக்கு மேல் ஏறித் திரும்பியது. அவர்கள் திரும்பியதால் எல்லைக்கு ஒரு குறையும் வரவில்லை.

எலியாஸுக்கு வடக்கே இருக்கும் பகுதிதான் 141ஆம் தீர்க்கரேகை. இங்கே மலை, ஆறு எதுவும் கணக்கில்லை. ஆர்க்டிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,040 கிலோமீட்டருக்கு அடிமட்டம் வைத்து இழுத்த மாதிரி வரும். காட்டுக்குள் 6 மீட்டர் அகலத்துக்கு மரங்களை வெட்டி ஒரு நீளப் பாதை மாதிரி திறந்து வைத்திருக்கிறார்கள், கல்லும் நட்டிருக்கிறார்கள். ஒரு வேடிக்கை: எலியாஸ் உச்சி இந்த ரேகையின் மேல் இல்லை, சுமார் 4 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி இருக்கிறது. அதனால் தெற்கே வரும் எல்லை கடைசியில் ரேகையை விட்டு விலகி உச்சியைப் போய்த் தொட்டு, அங்கிருந்து சிகரம் சிகரமாகக் கிழக்கே தாவுகிறது.

இப்போது இன்னொரு முறையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உலகத்தில் அதுதான் அதிகம். மலைமுகட்டில் மழை விழுந்தால் ஒரு துளி இந்தப் பக்கம் ஓடும், பக்கத்துத் துளி அந்தப் பக்கம் ஓடும். அந்தத் தண்ணீர் பிரியும் முகட்டையே எல்லையாக வைத்துக்கொள்வது. கேட்க நியாயமாக இருக்கிறது: உன் ஆற்றுக்கு வரும் தண்ணீர் உன்னுடையது, என் ஆற்றுக்கு வருவது என்னுடையது. பாறை முகடாக இருக்கும்வரை பிரச்சினை இல்லை. முகட்டையே பனி மூடியிருந்தால் தண்ணீர் பிரியும் இடம் பனியின் மேற்பரப்பை வைத்துத்தான் தீர்மானமாகும், பனி இளைத்தால் அந்த இடமும் நகரும். பக்கத்து வயல்காரர் ராத்திரியில் வரப்பை வெட்டி நகர்த்தினால் பஞ்சாயத்துக்குப் போகலாம். இங்கே வரப்பு தானாகவே நடக்கிறது.

ஆல்ப்ஸில் இது நிஜமாகவே நடந்தது. 1991 செப்டம்பரில் ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் 3,210 மீட்டர் உயரத்தில் உருகும் பனிக்குள்ளிருந்து ஒரு பழைய உடல் வெளிப்பட்டது. 5,000 வருஷத்துக்கு மேல் பழையது என்று அப்புறம்தான் தெரிந்தது, ஓட்ஸி என்று பெயரும் வந்தது. முதலில் ஆஸ்திரியாக்காரர்கள் இன்ஸ்ப்ருக்குக்கு எடுத்துப் போனார்கள். 1919 ஒப்பந்தப்படி எல்லை தண்ணீர் பிரியும் முகடு, உடல் கிடந்த பள்ளத்தின் தண்ணீர் ஆஸ்திரியா பக்கம்தான் ஓடுகிறது, ஆகவே உடல் ஆஸ்திரியாவுடையது என்று தோன்றும். ஆனால் ஒப்பந்தத்துக்குப் பின் எல்லைக்கல் நட்டபோது அந்த இடத்தில் பனி தடியாகக் கிடந்தது, முகடு எங்கே என்று சரியாகத் தெரியவில்லை, கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தது. எல்லைக்கற்களை வைத்து அளந்து பார்த்ததில் உடல் இத்தாலிக்குள் 92.56 மீட்டர் உள்ளே கிடந்திருக்கிறது. சட்டப்படி செல்லுபடியாவது நட்ட கல்தான். இப்போது ஓட்ஸி இத்தாலியின் போல்சானோ அருங்காட்சியகத்தில் இருக்கிறார்.

இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் வேறு மாதிரி முடிவெடுத்தன. பனி நகர்ந்தால் எல்லையும் நகரட்டும் என்று 2009 வாக்கில் ஒப்புக்கொண்டார்கள், நகரும் எல்லை என்றே அதற்குப் பெயர். வெறும் பனி என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. மேட்டர்ஹார்ன் பக்கத்தில் டெஸ்டா கிரிஜியா என்ற இடத்தில் 3,480 மீட்டர் உயரத்தில் மலையேறிகள் தங்கும் ஓர் இத்தாலிய விடுதி இருக்கிறது. 1984இல் கட்டியபோது முழுவதும் இத்தாலி. பக்கத்துத் தியோடுல் பனியாறு இளைக்க இளைக்கத் தண்ணீர் பிரியும் கோடு கட்டடத்துக்கு அடியில் புகுந்து, மூன்றில் இரண்டு பங்கு கணக்குப்படி சுவிஸ் பக்கம் போய்விட்டது. சாப்பாட்டு அறை ஒரு நாடு, கட்டில் இன்னொரு நாடு. வருஷக்கணக்கில் பேசி ஒரு சமரசத்துக்கு வந்தார்கள்; 2024 செப்டம்பரில் சுவிஸ் அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்தது.

எலியாஸ் மலைத்தொடரிலும் முகட்டு முறையைக் கடைப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதற்கும் ஒரு மாதிரி கிடைத்திருக்கிறது. யூகானில் காஸ்கவுல்ஷ் என்ற பனியாறு இருக்கிறது. அது உருகும் தண்ணீரில் பெரும்பகுதி ஸ்லிம்ஸ் ஆறு வழியாக வடக்கே ஓடி, குளுவானி ஏரியில் சேர்ந்து, கடைசியில் பெரிங் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2016 மே மாதம் பனியாற்றின் முகப்பு பின்வாங்கியதில் தண்ணீர் பனிக்குள் வேறு வழி வெட்டிக்கொண்டு தெற்கே திரும்பி, அலாஸ்கா வளைகுடாவை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டது. ஸ்லிம்ஸ் வற்றி, படுகையில் புழுதிதான் பறந்தது. ஓர் ஆற்றின் கடலே மாறிப்போனது. இது முழுக்கக் கனடாவுக்குள் நடந்ததால் எல்லைச் சண்டை எதுவும் வரவில்லை, ஆனால் தண்ணீரை நம்பி எல்லை வைப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. உச்சிக்கு உச்சி நேர்கோடு போட்டால் நடுவில் பனி ஏறட்டும், இறங்கட்டும், கோடு அசையாது. பனிமலை எல்லைக்கு என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான முறை.

அதற்காக எந்த வேடிக்கையும் நடக்காது என்று நினைக்க வேண்டாம். ஃபேர்வெதருக்கு அந்தப் பக்கம் டார் இன்லெட் என்று ஒரு கடற்கழி, அதன் தலையில் கிராண்ட் பசிபிக் பனியாறு. 1903இல் கோடு பனியின் மேல் போனது, யாரும் கவலைப்படவில்லை. பனியாறு பின்வாங்கிக்கொண்டே போய் 1920களில் அதன் முகப்பு கனடாவுக்குள் நுழைந்துவிட்டது, பின்னாலேயே கடல்நீரும் போனது. எந்தக் கடல்நீரைக் கனடாவுக்குத் தரமாட்டோம் என்று ஆறு பேர் உட்கார்ந்து தீர்ப்பு எழுதினார்களோ, அதைப் பனி சத்தமில்லாமல் கொடுத்துவிட்டது. பிறகு பனியாறே திரும்ப முன்னேறி வந்து அந்தத் துண்டை மூடிக்கொண்டது.

கோடே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குச் சியாச்சின் போதும். 1949இல் இந்தியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட கராச்சி உடன்பாட்டில் போர்நிறுத்தக் கோட்டைக் குறிப்பிட்டுக்கொண்டே வந்தவர்கள், கடைசியில் அங்கிருந்து வடக்கே பனியாறுகளை நோக்கி என்று எழுதிப் பேனாவை மூடிவிட்டார்கள். 1972இல் கோட்டைத் திரும்ப வரைந்தபோதும் என்ஜே9842 என்ற புள்ளியோடு நின்றது. அதற்கு மேல் மனிதர் போகமாட்டார்கள் என்ற நினைப்பு. வடக்கே என்றால் நேர் வடக்கா, முகட்டைப் பிடித்துக்கொண்டா, இல்லை வடகிழக்காகக் காரகோரம் கணவாய்க்கா என்று ஆளுக்கொரு அர்த்தம். 1984 ஏப்ரலில் இந்திய ராணுவம் சியாச்சினை ஒட்டிய சால்டோரோ முகட்டில் ஏறியது, அன்றிலிருந்து இரு பக்கமும் வீரர்கள் அந்தக் குளிரில் நிற்கிறார்கள். குண்டைவிடப் பனிச்சரிவும் உயரமும்தான் அங்கே அதிகம் பேரைக் கொன்றிருக்கின்றன. 2016 பிப்ரவரியில் சோனம் என்ற இந்திய ராணுவ நிலை பனிச்சரிவில் புதைந்தபோது இறந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் விட்டுப்போன அரை வரி, இந்த விலை.

கடைசியாக ஒன்று. பனி நகரும், பாறை நிற்கும் என்று இதுவரை சொன்னேன். பாறையும் முழுக்க நம்பத்தக்கதில்லை. எலியாஸ் அடிவாரத்து டான் ஃபியோர்ட் சில பத்தாண்டுகளுக்கு முன் தண்ணீரே இல்லாத இடம், டின்டால் பனியாறு அடைத்துக்கொண்டிருந்தது. 1961க்கும் 1991க்கும் இடையில் அந்தப் பனியாறு 17 கிலோமீட்டர் பின்வாங்கியது. பனி முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்த மலைச்சரிவுக்குப் பிடிமானம் போய்விட்டது. 2015 அக்டோபர் 17 அன்று சுமார் 18 கோடி டன் பாறையும் மண்ணும் மொத்தமாகச் சரிந்து ஃபியோர்டில் விழுந்தது. எதிர்க்கரையில் தண்ணீர் 193 மீட்டர் உயரம் வரை ஏறி, சரிவில் நின்ற மரங்களையெல்லாம் வேரோடு உரித்துப் போட்டது. அந்தப் பக்கம் ஆளே இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. எல்லைச் சிகரமும் அப்படியேதான் நிற்கிறது.

இதெல்லாம் கண்ணால் பார்க்க வேண்டுமானால் போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து, அலாஸ்காவின் வடக்குக் கரையில் எல்லையைப் பிடித்து விரலால் தெற்கே இழுத்துக்கொண்டே வாருங்கள். கோடு எங்கே ரேகையை விட்டு விலகுகிறதோ அங்கே எலியாஸ். அங்கிருந்து கிழக்கே உச்சி உச்சியாகத் தாவி, ஆல்வர்ஸ்டனில் தெற்கே திரும்பி, ஃபேர்வெதர் தாண்டி டார் இன்லெட்டின் தலைமாட்டுக்கு வரும். அங்கே நன்றாகப் பெரிதாக்கி, கோட்டுக்கு எந்தப் பக்கம் பனி, எந்தப் பக்கம் தண்ணீர் என்று பாருங்கள். படம் எடுத்த வருஷத்தையும் கவனியுங்கள்.